ஆயில் குடிக்காத எஞ்சின்: ஒரு சிமென்ட் பல்கரின் நிகழ்வு ஆய்வு

டிப்போவில் அந்த சிமென்ட் டாங்கி லாரிக்கு நல்ல பெயர். மற்ற லாரிகளுக்கு ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் மூன்று, நான்கு லிட்டராவது ஆயில் ஊற்ற வேண்டியிருக்கும். சிமென்ட் ஏற்றத் தொடங்கியதிலிருந்து இதற்கு ஒரு சொட்டு ஊற்றியதில்லை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை எப்போது உருவிப் பார்த்தாலும் மேல் கோட்டில் நிற்கும். "நம்ம வண்டி ஆயிலே குடிக்காது சார்" என்று டிரைவர் பெருமையாகச் சொல்வார். கேட்ட நாங்களும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு செட் மெயின் பேரிங்கும் (எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கைத் தாங்குபவை) ஒரு செட் பிக் எண்ட் பேரிங்கும் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில் இருப்பவை) போயின. கிராங்க் தப்பியது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கே தேவையில்லை.

வண்டியும் வேலையும்

ஆறு சிலிண்டர், 11 லிட்டர் வகை, டர்போ, யூனிட் இன்ஜெக்டர் எஞ்சின். ஃபில்டர்களோடு சேர்த்து 34 லிட்டர் ஆயில் பிடிக்கும். ஊற்றியது 15டபிள்யூ-40, ஏ.பி.ஐ. சி.ஐ-4 பிளஸ் தரம். முதல் மூன்று லட்சம் கி.மீ. வரை இது நெடுஞ்சாலையில் கன்டெய்னர் இழுத்தது. லிட்டருக்கு 3.2 கி.மீ. சராசரி கொடுத்தது. 40,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றினோம்; கையேடும் அப்படித்தான் சொன்னது.

பிறகு வேலை மாறியது. பின்னால் பல்கர் டாங்கியைக் கோர்த்து, சேஸியில் கம்ப்ரஷர் வைத்து, கியர்பாக்ஸில் இருக்கும் பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியை வெளிக் கருவிக்கு எடுத்துக் கொடுக்கும் இணைப்பு) வழியாக அதைச் சுற்ற வைத்தார்கள். பல்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டாங்கிக்குள் 2 பார் அளவில் காற்றை ஏற்றினால் சிமென்ட் தூள் தண்ணீர் போல இளகும், குழாய் வழியே அதை சைலோவுக்குத் தள்ளிவிடலாம். தள்ளி முடிக்கும் வரை லாரி ஓரிடத்தில் நிற்கும், எஞ்சின் 1,100 ஆர்.பி.எம்.மில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு டிரிப்பின் கணக்கு இது. போக வர 180 கி.மீ., ஓட்டம் நாலரை மணி நேரம். லோடிங் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்பது சராசரியாக ஒரு மணி நேரம். இறக்குவதற்கு 1.75 மணி நேரம். மொத்தம் 7.25 மணி நேரம் எஞ்சின் சுற்றுகிறது, ஓடோமீட்டரில் 180 மட்டும் ஏறுகிறது. டீசல் போகிற வகை: ஓட்டத்துக்கு 60 லிட்டர், நின்று ஓடுவதற்கு 3 லிட்டர், இறக்க 17.5 லிட்டர், ஆக 80.5.

வேலை மாறியபோது டயர் அட்டவணையை மாற்றினோம், பிரேக் லைனிங் பார்க்கும் நாளை மாற்றினோம். ஆயில் மாற்றும் கி.மீ.யைத் தொடவில்லை. 40,000 என்று பலகையில் பெயின்ட்டால் எழுதியிருந்தது, அப்படியே இருந்தது.

என்ன நடந்தது

கடைசியாக ஆயில் மாற்றியது 3,12,000 கி.மீ.யில். 3,43,300 ஆனபோது, அதாவது 31,300 கி.மீ. ஓடிய ஆயிலோடு, டிரைவர் ஒரு புகார் எழுதினார்: சிமென்ட் இறக்கி முடித்து பி.டி.ஓ.வை விடுவித்து எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியதும் ஆயில் பிரஷர் விளக்கு இரண்டு மூன்று முறை மினுக்கி அணைகிறது. வண்டி ஓடும்போது விளக்கு வரவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் வரவில்லை. சூட்டில், ஐடிலில் மட்டும்.

முதல் தவறு எங்களுடையது. பிரஷர் சுவிட்சை மாற்றினோம். மின்னும் விளக்கைப் பார்த்தால் கை முதலில் மலிவான பொருளைத்தான் தேடும். நாலு நாள் சும்மா இருந்தது, ஐந்தாம் நாள் மறுபடி மினுக்கியது. அப்போதுதான் ஒரு மெக்கானிக்கல் கேஜை கேலரியில், அதாவது எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் முதன்மைப் பாதையில், பொருத்திப் பார்த்தோம். சூடான எஞ்சின், ஐடில்: 0.8 பார். இதே எஞ்சின் நெடுஞ்சாலையில் ஓடிய காலத்தில் இதே நிலையில் 1.8 காட்டியதாகப் பதிவு இருந்தது. சுவிட்ச் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது தவறை நல்ல வேளையாகச் செய்யவில்லை. "20டபிள்யூ-50 ஊத்திடலாம் சார், பிரஷர் தானா நிமிரும்" என்றார் எங்கள் மூத்த மெக்கானிக். அவர் சொன்னபடி நிமிரத்தான் செய்யும். கெட்டியான ஆயில் தேய்ந்த பேரிங்கின் இடைவெளியில் மெதுவாக ஒழுகும், கேஜ் அழகாக ஏறும், பேரிங் அதே இடத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். வண்டியை விற்கப் போகிறவர் செய்கிற வேலை அது.

டிப்ஸ்டிக்கும் ஒரு துண்டுத் தாளும்

டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல் கோடு, வழக்கம் போல. ஆனால் ஆயில் குச்சியில் தங்காமல் சர்ரென்று வழிந்து நுனிக்கு ஓடிவந்து சொட்டியது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. பழகிய மூக்கு என்றால் இதை மட்டும் நம்பக்கூடாது. டிப்போவில் எல்லாமே டீசல் வாடைதான். அதனால் இன்னொன்று செய்தோம். எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, தாளைக் காற்றில் தட்டையாகப் பிடித்து உலர விட்டோம். பக்கத்தில் நெடுஞ்சாலையில் ஓடும் அதே மாடல் லாரியின் சொட்டு ஒன்று.

ஒரு மணி நேரத்தில் இரண்டும் வேறு வேறு முகம் காட்டின. நெடுஞ்சாலை வண்டியின் சொட்டு நடுவில் சாம்பல் கறுப்பாகத் தொடங்கி விளிம்பு வரை ஒரே சீராக மங்கிப் போனது. புகைக்கரியைச் சுமந்துகொண்டு பரவும் தெம்பு அந்த ஆயிலுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பல்கரின் சொட்டில் நடுவே அடர்ந்த கறுப்பு வட்டம், அதைச் சுற்றிக் கூர்மையான கரை, அதற்கும் வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய மஞ்சள் வளையம். டீசல் என்பது எஞ்சின் ஆயிலைவிட மெலிசு, அதனால் தாளில் முந்திக்கொண்டு வெளியே ஓடும். அந்த மஞ்சள் வளையம் அதுதான்.

சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். பொரியவில்லை. தண்ணீர் இல்லை, ஆகவே கூலன்ட் கசிவு பெரும்பாலும் இல்லை.

ஆய்வக அறிக்கை

ஆயிலை வடிக்கும் முன் மாதிரி எடுத்தோம். சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் படிந்த வண்டல் வராமல் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திய சூட்டில், டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய குழாயை இறக்கி வாக்குவம் பம்ப்பால் 100 மில்லி உறிஞ்சினோம். மாதிரிப் பாட்டிலோடு வந்த படிவத்தில் "ஆயில் ஓடிய கி.மீ." என்று ஒரு கட்டம், "ஆயில் ஓடிய மணி நேரம்" என்று இன்னொரு கட்டம். இரண்டாவதை எழுத எங்களிடம் எண் இல்லை. டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் மணிக்கணக்கு வரும், ஆனால் கடைசி சர்வீஸ் அன்று யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. டிரிப் ஷீட்டுகளை உட்கார்ந்து எண்ணினோம்: 174. பெருக்கினால் ஏறக்குறைய 1,260 மணி நேரம், 14,000 லிட்டர் டீசல்.

நெடுஞ்சாலை வண்டியின் மாதிரியையும் கூடவே அனுப்பினோம். அது 38,000 கி.மீ. ஓடிய ஆயில், 760 மணி நேரம். ஒப்பிட ஒன்று இல்லாமல் வரும் ஆய்வக எண்கள் பாதி ஊமை.

100 டிகிரியில் ஆயிலின் பிசுபிசுப்பு பல்கரில் 10.6 சென்டிஸ்டோக், மற்றதில் 14.0. புதிய ஆயில் 14.6. எஸ்.ஏ.இ. கணக்கில் 40 கிரேடு என்றால் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். பல்கரின் சம்ப்பில் இருந்தது 30 கிரேடின் நடுப்பகுதி. டீசல் கலப்பு 8 சதவீதம், மற்றதில் 1 சதவீதத்துக்குக் கீழ். புகைக்கரி 2.1 சதவீதம். இதை லேசாகப் பார்க்கக் கூடாது: கரி ஆயிலைக் கெட்டியாக்கும், டீசல் இளக்கும். கரி இல்லாமலிருந்தால் 10.6 இன்னும் கீழே போயிருக்கும். பிசுபிசுப்பு எண் மட்டும் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் இந்த இழுபறியில் ஏமாறுவார்கள்.

அமிலத்தைச் சமாளிக்கும் காரத் திறன், அதாவது டி.பி.என்., புதிதில் 10. பல்கரில் 3.2, மற்றதில் 5.4. அமில எண்ணான டி.ஏ.என். பல்கரில் 4.4. காரம் கீழே இறங்கி அமிலம் மேலே ஏறி இரண்டும் ஒன்றையொன்று தாண்டிவிட்டால் அந்த ஆயில் முடிந்தது என்பது பரவலான கணக்கு. இங்கே தாண்டியாயிற்று.

உலோகங்கள், பத்து லட்சத்தில் பங்காக: இரும்பு 142, ஈயம் 68, தாமிரம் 41, வெள்ளீயம் 7, அலுமினியம் 11, குரோமியம் 6, சிலிக்கான் 14, சோடியம் 6. நெடுஞ்சாலை வண்டியில் இரும்பு 46, ஈயம் 5, தாமிரம் 8.

டிப்போவில் எல்லாருக்கும் முதல் சந்தேகம் சிமென்ட் தூள் மேல்தான். நாள் முழுக்க அந்தப் புழுதியில் நிற்கிற வண்டி, ஏர் ஃபில்டர் வழியே உள்ளே போயிருக்கும் என்று. சிலிக்கான் 14 அந்தச் சந்தேகத்தை முடித்துவைத்தது. புதிய ஆயிலிலேயே நுரை தடுப்புக்காக ஓரிரு சிலிக்கான் இருக்கும். தூசி உள்ளே போயிருந்தால் இந்த எண் பல மடங்கு ஏறியிருக்கும், கூடவே அலுமினியமும். கால்சியம் ஏறியிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார், சிமென்டில் கால்சியம்தானே அதிகம் என்று. நல்ல கேள்வி. ஆனால் ஆயிலின் கழுவும் சேர்மானமே கால்சியம்தான், அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் சிமென்டின் கால்சியத்தை அடையாளம் காண முடியாது. சோடியம் 6, அதனால் கூலன்ட்டும் இல்லை.

தாமிரம் மட்டும் ஏறியிருந்தால் ஆயில் கூலரில் இருந்து கரைகிறது என்று விட்டிருப்பேன். புது எஞ்சின்களில் அது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. இங்கே தாமிரம், ஈயம், வெள்ளீயம் மூன்றும் கைகோத்து வந்தன. மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் பேரிங்.

திறந்து பார்த்தது

முதலில் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டினோம். ரம்பம் வேண்டாம், அதன் இரும்புத்தூளே உள்ளே விழும். டப்பா திறப்பது போல வெட்டும் கருவிதான் சரி. மடிப்புத் தாளை விரித்து, பிழிந்து, வெயிலில் பிடித்தால் மடிப்புகளின் அடியில் மினுமினுவென்று மெல்லிய செதில்கள். காந்தம் சிலதைத்தான் பிடித்தது. மிச்சம் காந்தத்துக்கு அசையவில்லை.

பிறகு சம்ப்பை இறக்கினோம். பிக் எண்ட் கேப்களை ஒவ்வொன்றாகக் கழற்றி செல்களை (பேரிங்கின் மேல், கீழ் அரைவட்டத் துண்டுகள்) வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தோம். எரிப்பின் அடியை வாங்குவது கனெக்டிங் ராடின் மேல் செல்லும் மெயினின் கீழ் செல்லும். ஆறு மேல் செல்களிலும் நடுப்பகுதியில் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து போய்க் கீழிருந்த தாமிர நிறம் தெரிந்தது. நாலாவதில் அந்தத் தாமிரம் கட்டைவிரல் அகலம். கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி) நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. மைக்ரோமீட்டர் அளவும் வரம்புக்குள். இன்னொரு மாதம் ஓடியிருந்தால் கதை வேறு.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது தாமிர நிறம் அல்ல, அடி அதிகம் வாங்காத கீழ் செல்கள். அவற்றின் மேல் உராய்ந்த தடம் இல்லை, பூச்சு முழுசாக இருந்தது. ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஊசிமுனை அளவுக்குக் கறுத்த குழிகள், அம்மைத் தழும்பு போல. உராய்வு அந்த அடையாளத்தை விடாது. அது அமிலம் அரித்த தடம். பழசான ஆயிலில் உண்டாகும் அமிலங்களுக்கு முதலில் இரையாவது ஈயப் பூச்சுதான்.

ஆக, பேரிங்கை இரண்டு பேர் தின்றிருக்கிறார்கள். மேல் செல்லை மெலிந்த ஆயில், கீழ் செல்லை அமிலம்.

டீசல் எங்கிருந்து வந்தது

யூனிட் இன்ஜெக்டர் எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே டீசல் ஓடும் பாதை இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் உள்ள ஓ ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்கள்தான் அந்த டீசலை ஆயில் பக்கம் வரவிடாமல் தடுப்பவை. மேல் ஓ ரிங் விட்டுக்கொடுத்தால் டீசல் ஹெட்டின் மேல் மூடியான டேப்பெட் கவருக்குள் கசிந்து, ஆயில் திரும்பும் வழியாக நேராக சம்ப்புக்குப் போகும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

டீசலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, டேப்பெட் கவரைக் கழற்றி, கை பம்ப்பால் ஃபியூயல் லைனில் அழுத்தம் ஏற்றி, பணிமனையை இருட்டாக்கி புற ஊதா விளக்கை அடித்தோம். நாலாவது இன்ஜெக்டரின் கழுத்தில் பச்சையாக ஒரு கோடு மெல்ல ஊறி வந்தது. கழற்றினால் ஓ ரிங்கின் ஒரு பக்கம் முறுக்கி வெட்டுப்பட்டிருந்தது. 2,90,000 கி.மீ.யில் வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டர்களைக் கழற்றித் திரும்பப் பொருத்தியதாகப் பதிவு இருந்தது. ஓ ரிங்குக்கு எண்ணெய் தடவாமல் வறட்சியாக உள்ளே தள்ளினால் இப்படித்தான் முறுக்கும். அன்றே வெட்டுப்பட்டதா, பின்னாளில் விரிந்ததா என்பதை அந்த ரிங்கைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இப்போது டிரைவரின் பெருமைக்கு வருவோம். இந்த எஞ்சின் நெடுஞ்சாலைக் காலத்தில் 10,000 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. 31,300 கி.மீ.யில் மூன்று லிட்டர் குறைந்திருக்க வேண்டும். 34 லிட்டரில் 8 சதவீதம் என்பது 2.7 லிட்டர். எஞ்சின் தன் பங்கு ஆயிலைக் குடித்துக்கொண்டேதான் இருந்தது. குடித்த இடத்தை டீசல் நிரப்பிவிட்டது. கசிவு இதைவிட வேகமாக இருந்திருந்தால் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும், யாராவது திடுக்கிட்டிருப்பார்கள். மெதுவாக இருந்திருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்கும். இரண்டும் சமமாக அமைந்ததுதான் எங்கள் கேடு.

இரண்டு காரணங்களில் எது பெரிது

டிப்போவில் இந்த விவாதம் சூடாக நடந்தது. ஓ ரிங்தான் குற்றவாளி, சர்வீஸ் இடைவெளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது ஒரு கட்சி. வாங்கும்போதே இந்த மாடல் சரியில்லை என்றது இன்னொன்று. அந்தக் கட்சி எந்த டிப்போவிலும் இருக்கும்.

ஓ ரிங் கட்சிக்கு என் பதில் டி.பி.என். எண்தான். ஆயிலில் 8 சதவீதம் டீசல் கலந்தால் அதன் காரத் திறனும் அதே அளவுதான் நீர்த்துப்போகும்: 10 என்பது 9.2 ஆகும். இங்கே 3.2 வரை போனது. மிச்ச ஆறும் ஆயில் செய்த வேலையில் செலவானது. டீசல் எரியும்போது அதிலுள்ள கந்தகத்திலிருந்தும் காற்றின் நைட்ரஜனிலிருந்தும் உண்டாகும் அமிலம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்கு வருகிறது; ஆயில் தன் காரத்தைக் கொடுத்து அதை அடக்குகிறது. எவ்வளவு டீசல் எரிந்ததோ அவ்வளவு அமிலம். சக்கரம் சுற்றியதா, லாரி நின்றதா என்பது ஆயிலுக்குத் தெரியாது.

நெடுஞ்சாலையில் 40,000 கி.மீ. என்றால் 800 மணி நேரம், 12,500 லிட்டர். 34 லிட்டர் ஆயில் அதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த 40,000 கையேட்டில் ஏறியது. பல்கர் வேலையில் அதே 40,000 ஓட 222 டிரிப், 1,610 மணி நேரம், 17,900 லிட்டர். மணிக்கணக்கு இரட்டிப்பாகிறது, டீசல் 1.4 மடங்கு ஆகிறது.

இந்த இரண்டு விகிதமும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எதை நம்புவது? ஐடிலில் ஓடும் ஒரு மணி நேரமும் லோடு இழுக்கும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல, அதனால் லிட்டர் கணக்கே நியாயமானது என்பார்கள். பெரும்பாலும் எனக்கும் சம்மதம். ஆனால் ஐடிலுக்கு ஒரு தனிக் கெடுதல் உண்டு: சிலிண்டர் சூடு குறைவு, எரிப்பு அரைகுறை, எரியாத டீசல் லைனர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நல்ல சூட்டில் நீண்ட நேரம் ஓடினால் கலந்த டீசலில் ஒரு பகுதியாவது ஆவியாகி, எஞ்சின் மூச்சுவிடும் துளையான பிரீதர் வழியே போய்விடும். அரை மணி ஓட்டம், ஒரு மணி நிறுத்தம் என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பும் குறைவு. பி.டி.ஓ. வேலையோ இன்னொரு தினுசு. 1,100 ஆர்.பி.எம்.மில் நிலையான லோடு. பேரிங்கில் ஆயில் படலம் மெலிசாவது வேகம் குறைந்து லோடு இருக்கும்போதுதான். மெலிந்த ஆயிலுக்கு இதைவிட மோசமான பரீட்சை கிடையாது. ஆகவே லிட்டரையும் மணியையும் இரண்டையும் பார்ப்பேன், எது முதலில் வருகிறதோ அதுவே தேதி.

இரும்பு எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இதே விஷயம் வேறு கோணத்தில் தெரியும். ஆயிரம் கி.மீ.க்குப் பல்கரில் 4.5, நெடுஞ்சாலை வண்டியில் 1.2, நாலு மடங்குக்கு அருகில், பயமுறுத்தும் வித்தியாசம். நூறு மணி நேரத்துக்கு என்று போட்டால் 11.3, மற்றதில் 6. இரண்டு மடங்குக்கும் கீழே. பயத்தில் பாதி அளவுகோலில் இருந்தது. மீதிப் பாதி உண்மையான தேய்மானம்.

பிறகு ஒரு மாலை கையேட்டை முழுசாகப் படித்தேன். 40,000 கி.மீ. வரிக்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு சிறிய அட்டவணை. லிட்டருக்கு 3 கி.மீ.க்கு மேல் கொடுக்கும் வண்டிக்கு 40,000. 2.3 முதல் 3 வரை 30,000. 2.3க்குக் கீழ் 20,000. எங்கள் பல்கர் 180 கி.மீ.க்கு 80.5 லிட்டர் குடிக்கிறது, 2.24. மூன்றாவது வரி. அந்த 20,000 கி.மீ.யை மணியில் மாற்றினால் 805. நெடுஞ்சாலை வண்டியின் 40,000ஐ மாற்றினால் 800. அட்டவணை போட்டவருக்கு எங்கள் பல்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவர் கணக்கு வந்து நின்ற இடத்தைப் பாருங்கள். பக்கத்தைப் புரட்டாதது நாங்கள்.

20,000 என்ற கோட்டில் அந்த ஆயிலை மாற்றியிருந்தால் ஓ ரிங் கசிவு நிற்காது, அது சரி. ஆனால் கலந்த டீசல் வெளியே போயிருக்கும், காரம் தீர்ந்திருக்காது, கீழ் செல்களில் அம்மைத் தழும்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அன்று ஒரு மாதிரி எடுத்திருந்தால் டீசலும் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

செய்தது

ஆறு இன்ஜெக்டர்களுக்கும் ஓ ரிங்கும் அடியில் வைக்கும் காப்பர் வாஷரும் புதிது. மெயின், பிக் எண்ட் செல்கள் புதிது, போல்டுகளோடு. ஆயில் கூலரையும் பாதைகளையும் கழுவி, புதிய ஆயிலோடு 5,000 கி.மீ. ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றினோம். அந்த 5,000 கி.மீ. ஆயிலில் ஈயம் 14. மூலைகளில் ஒட்டியிருந்த பழைய மிச்சம் என்று எடுத்துக்கொண்டோம்.

பலகையில் இருந்த 40,000ஐ அழித்தோம். இந்த வண்டிக்கு இப்போது 20,000 கி.மீ., 800 மணி நேரம், 9,000 லிட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அது. ஒவ்வொரு சர்வீஸிலும் எஞ்சின் மணியையும் மொத்த டீசலையும் ஸ்கேனரில் எடுத்துப் பதிவேட்டில் எழுதுவது கட்டாயம். லோடிங் வரிசையில் எஞ்சினை அணைக்கச் சொன்னோம், ஏ.சி. இல்லாமல் கேபினுக்குள் உட்கார முடியாது என்றார்கள், நியாயம்தான். நிழலில் ஒரு காத்திருக்கும் இடம் கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

நெடுஞ்சாலை வண்டிகள் சிலவற்றுக்கு முன்ஜாக்கிரதை என்று 15,000 கி.மீ.யிலேயே ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதையும் நிறுத்தினேன். 38,000 ஓடிய பிறகும் டி.பி.என். 5.4 இருக்கும் எஞ்சினில் 15,000க்கு வடிப்பது நல்ல ஆயிலைக் கால்வாயில் கொட்டுவதற்குச் சமம்.

அடுத்த 20,000 கி.மீ. முடிவில் வந்த அறிக்கை: பிசுபிசுப்பு 13.7, டீசல் 1 சதவீதத்துக்குக் கீழ், டி.பி.என். 5.6, இரும்பு 52, ஈயம் 7. நூறு மணி நேரத்துக்கு இரும்பு 6.5, நெடுஞ்சாலை வண்டியின் அருகில் வந்து நிற்கிறது. சூடான ஐடிலில் பிரஷர் 1.7. எண்களைப் பார்த்ததும் 25,000க்கு நீட்டலாமே என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். இன்னும் இரண்டு அறிக்கை இதே மாதிரி வரட்டும், பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த ஓட்டத்தின் நடுவில், 9,800 கி.மீ.யில், அதே டிரைவர் கொஞ்சம் முகம் வாடி வந்தார். "சார், ஒரு லிட்டர் குறைஞ்சிருக்கு. ரிப்பேர் பண்ண பிறகு ஆயில் குடிக்குது சார்." ஊற்றச் சொல்லி, பதிவேட்டில் அவர் கையாலேயே எழுத வைத்தேன். வேலை மாறியதிலிருந்து அந்த வண்டியின் பக்கத்தில் ஆயில் ஊற்றிய முதல் வரி அது.